கொடிமலைக்கு நடந்து ஏறுவோருக்கு: குரங்கு, பாம்பு, குளவி ஆகியவற்றைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை

பினாங்குத் தீவில் புலி இல்லை, யானையும் இல்லை. இங்குள்ள கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) நடந்து ஏறலாம் என்று முடிவெடுக்கும் எந்த நண்பர் கூட்டத்திலும், புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் முதலில் வந்து விழும் கேள்வி அதுவாகவே இருப்பதால், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவின் காட்டுப் பாதைகளில் நீங்கள் எதிர்ப்படக் கூடியவை நீள்வால் குரங்குகள், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள லோத்தோங் என்னும் இலைக்குரங்கு, கிளையோடு கிளையாகக் கிடக்கும் பச்சை விரியன், குளவிக் கூடு, அந்தி நேரத்தில் காட்டுப்பன்றி ஆகியவையே. இவற்றோடு, கோயில்களின் அருகிலும் ஓய்வு நிலையங்களின் அருகிலும் திரியும் தெருநாய்களையும் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றில் எதுவும் மனிதனைத் தேடி வருவதில்லை. குரங்கு மட்டும் வரும். அதுவும் அவன் கையில் தொங்கும் பையைத் தேடித்தான் வரும்.

எங்கள் கூட்டம் முதன்முறையாக ஏறியபோது எட்டுப் பேர் இருந்தோம். பசியாறுவதற்காக வாங்கிய நாசி லெமாக் பொட்டலங்களை ஒரு சிவப்பு நெகிழிப் பையில் போட்டு, கையில் ஆட்டிக்கொண்டே நான்தான் நடந்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை; பாதையோரக் கைப்பிடியில் உட்கார்ந்திருந்த பெரிய ஆண் குரங்கு ஒன்று, எனக்குச் சொந்தமான ஒன்றை எடுக்கிறோம் என்ற கூச்சம் சிறிதுமின்றி வந்து, பையைப் பிடித்து இழுத்தது. நானும் இழுத்தேன். பை கிழிந்தது, என் மணிக்கட்டில் கீறல் விழுந்தது, எட்டுப் பேரின் காலைச் சாப்பாடு சரிவில் உருண்டது. அன்று செய்த ஒவ்வொரு தவறும் வீட்டிலேயே தொடங்கியிருந்தது என்பது பிற்பாடுதான் புரிந்தது. விலங்கு எதிர்ப்படுவது தற்செயல். அது எப்படி முடியும் என்பதில் பாதி, கிளம்புவதற்கு முந்தைய இரவே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியும் அந்த இரவிலிருந்தே தொடங்குகிறது.

பாதையை முடிவு செய்தல்

புதியவர்களுக்கு மூன்று வழிகளைச் சொல்லலாம். முதலாவது, தண்ணீர்மலைக் கோயிலைக் கடந்து தாவரவியல் பூங்காவுக்குச் செல்லும் ஜாலான் கெபுன் பூங்காவில், வட்ட வடிவமான பழைய வாசல் ஒன்று தனியாக நிற்கும் இடத்தில் தொடங்கும் பாதை. நிலா வாசல் என்று அதைச் சொல்வார்கள். அங்கிருந்து ஐந்தாம் ஓய்வு நிலையம்வரை புதியவர்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். மலையுச்சிவரை போவதென்றால் மூன்று மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்வது நல்லது. இரண்டாவது, பூங்கா வாயிலின் அருகிலிருந்து மேலே செல்லும் ஜீப் சாலை. ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள தளமிட்ட சாலை என்பதால் வழி தவற வாய்ப்பில்லை. ஆனால் செங்குத்தானது, இறங்கும்போது முழங்கால் கேள்வி கேட்கும். மூன்றாவது, தெலுக் பஹாங்கில் உள்ள தேசியப் பூங்கா. 2003இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட அந்தப் பூங்காவுக்கு ஜார்ஜ்டவுனிலிருந்து 101ஆம் எண் பேருந்தில் போகலாம். உள்ளே நுழையும் முன் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அங்கிருந்து ஆமைகள் முட்டையிட வரும் பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குக் காட்டைக் கடந்து நடக்கலாம்.

முதல் முறை நிலா வாசலில் ஏறி ஐந்தாம் நிலையத்தோடு திரும்பிவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. உச்சியைத் தொடாமல் திரும்புவதை அவமானமாக நினைப்பவர்கள் எல்லாக் கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார்கள். அவரிடம் மலை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே இருக்கும் என்று சொல்லிவிடலாம். தாவரவியல் பூங்காவிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 700 மீட்டர் உயரம் ஏற வேண்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளை நிற்காமல் ஏற முடிகிறதா என்பதை ஒரு முன்தேர்வாக வைத்துக்கொள்ளலாம். அதிலேயே மூச்சு வாங்குகிறவர் உச்சியைப் பற்றி இப்போதைக்குப் பேச வேண்டாம்.

கிளம்புவதற்கு முதல் நாள், பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டறியுங்கள். 2017 நவம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்தது. அதன் பின் ஜீப் சாலை நெடுநாள் மூடிக் கிடந்தது. அதைப் பார்த்தவர்கள், இரவெல்லாம் மழை பெய்த மறுநாள் காலையில் மலையடிவாரத்துக்கே போவதில்லை. நிரந்தரக் காப்புக் காட்டின் வழியாகச் செல்லும் பாதையாக இருந்தால் வனத்துறையின் அனுமதியும் தேவைப்படும்.

யார் முன்னால், யார் பின்னால்

ஆறு பேருக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு பேர் கிளம்பினால் அது பாதி வழியில் மூன்று கூட்டமாகப் பிரிந்துவிடும். நடுவில் தனியாக மாட்டிக்கொள்பவர்தான் பெரும்பாலும் புதியவராக இருப்பார். பாதையை அறிந்தவர் முன்னால் நடக்க, அவருக்கு அடுத்ததாக மிக மெதுவாக நடப்பவரை விடுங்கள். அவருடைய வேகமே கூட்டத்தின் வேகம். நிதானமான ஒருவர் கடைசியாக வர வேண்டும். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் செல்பவர் நின்று தலையை எண்ண வேண்டும். குரங்குக் கூட்டம் ஆறு பேர் சேர்ந்து வருவதைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கியே இருக்கும். காலணிக் கயிறு கட்டுவதற்காகத் தனியே நின்றுவிட்டவரைத்தான் நெருங்கிப் பார்க்கும்.

வீட்டில் ஒருவரிடம் எந்தப் பாதையில் ஏறி எந்தப் பாதையில் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் செய்தி வரும், வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போங்கள். "மலைக்குப் போறேன்மா" என்று வாசலில் நின்று சொல்வது இதில் சேராது.

பையும் காலணியும்

காலணியைப் பொறுத்தவரை, மலேசியக் காட்டை அறிந்தவர்கள் பலரும் விலையுயர்ந்த சப்பாத்துகளை விட்டுவிட்டு, கம்போங் அடிடாஸ் என்று வேடிக்கையாகப் பெயர் பெற்ற கறுப்பு ரப்பர் காலணியைத்தான் அணிகிறார்கள். பால்மரம் சீவப் போன நம் தாத்தா பாட்டிகளின் கால்களில் இருந்த அதே காலணிதான் அது. அடியில் உள்ள முளைகள் ஈரக் களிமண்ணை நன்றாகப் பிடிக்கும், நனைந்தாலும் விரைவில் காய்ந்துவிடும், விலையும் குறைவு. ஆனால் தளமிட்ட ஜீப் சாலையில் அதை அணிந்து நெடுந்தூரம் நடந்தால் பாதம் வலிக்கும். நீண்ட கால்சட்டையும், அதன் முனையை உள்ளே செருகிக்கொள்ள நீண்ட காலுறையும் வேண்டும்.

பையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், அகலமான மீள்கட்டுத் துணி, தலைவிளக்கு, ஊதல், மழைச்சட்டை, முழு மின்னேற்றம் கொண்ட கைப்பேசி ஆகியவை இருக்க வேண்டும். உணவை மூடி இறுக்கமான டப்பாவில் வைத்து, அதை முதுகுப்பைக்குள் போட்டு, இழுவைப் பல்லை (ஜிப்பை) முழுவதுமாக மூடிவிடுங்கள். கையில் எதுவும் தொங்கக் கூடாது. நெகிழிப் பை சரசரக்கும் ஓசை ஒன்றே போதும். அந்த ஓசைக்கு உணவு என்றுதான் பொருள் என்பதை இங்குள்ள குரங்குகள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுவைத்திருக்கின்றன. வாசனைத் தைலமும் வேண்டாம். அதன் காரணத்தைக் குளவியைப் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

நேரம்

பினாங்கில் சூரியன் ஆண்டு முழுவதும் காலை ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையிலேயே உதிக்கிறது. மர நிழலில் அதற்கு மேலும் சற்று நேரம் இருட்டாகவே இருக்கும். பாம்பின் மேல் கால் வைக்காமலிருக்க வெளிச்சம் தேவை. பிற்பகல் இடிமழைக்கு முன் இறங்கிவிட முன்கூட்டியே கிளம்புவதும் தேவை. ஆகவே ஏழரை மணிக்குப் பாதையில் இருங்கள். பதினொரு மணி ஆனதும், எங்கே நின்றாலும் இறங்கத் தொடங்குவது என்று அடிவாரத்திலேயே எல்லாரும் ஒப்புக்கொள்ளுங்கள். உச்சியை அடைந்துவிட்டவர்கள், 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில் சீட்டு வாங்கி ஆயர் ஈத்தாமுக்கு இறங்கிவிடலாம். இதில் மானக்கேடு ஒன்றுமில்லை, முழங்காலுக்கு நன்மையே உண்டு.

நீள்வால் குரங்கு

இந்தத் தீவில் கடிபடும் வாய்ப்பு அதிகம் உள்ளது இதனிடம்தான் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம். சாம்பல் கலந்த பழுப்பு நிறம், உடலைவிட நீளமான வால், ஆண் குரங்குகளுக்கு நீண்ட கோரைப்பற்கள். தாவரவியல் பூங்காவைச் சுற்றியுள்ள பகுதியில் இவை மனிதரைக் கண்டு அஞ்சுவதே இல்லை. அவற்றுக்குத் தீனி போடுவது அங்கே தடை செய்யப்பட்டிருந்தும், காரில் வந்து வாழைப்பழம் நீட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிலர் அதைப் புண்ணியம் என்றே நினைக்கிறார்கள். அனுமனுக்குப் படைப்பதாக எண்ணி ஒருவர் கொடுக்கும் பழத்துக்கு, அடுத்து வரும் குழந்தையின் கைதான் விலை கொடுக்கிறது.

கூட்டமொன்று பாதையில் உட்கார்ந்திருந்தால், முதலில் நில்லுங்கள். பேச்சைக் குறைத்து, பையை முதுகிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் ஒட்டி நில்லுங்கள். அவை விலகுவதற்கு இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். விலகாவிட்டால், குரங்குகளின் கண்ணை நேராகப் பார்க்காமல், பாதையின் மறு ஓரமாக, ஓடாமல் நடந்து கடந்துவிடுங்கள். உற்றுப் பார்ப்பது அவற்றின் மொழியில் சண்டைக்கு அழைப்பதாகும். அதுவே பதிலுக்கு உங்களை உற்றுப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, வாயைத் திறந்து காட்டினால் அது எச்சரிக்கை. அந்த நேரத்தில் பின்புறம் காட்டி ஓடக் கூடாது. முகத்தை அதன் திசையிலேயே வைத்துக்கொண்டு, பார்வையை மட்டும் தாழ்த்தி, மெல்லப் பின்வாங்க வேண்டும். கையில் ஒன்றும் இல்லை என்று இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவது பல முறை பலன் அளித்திருக்கிறது. ஊன்றுகோல் இருந்தால் தரையில் தட்டி ஓசை எழுப்பலாம்; குரங்கை அடிக்க ஓங்கக் கூடாது, ஏனெனில் ஒன்றை அடித்தால் கூட்டமே இறங்கி வரும். குட்டியோடு தாய் இருக்கும் இடத்தில் இருவருக்கும் நடுவே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பையை அது பிடித்துவிட்டால், விட்டுவிடுங்கள். நான் இழுத்தது தவறு. நாசி லெமாக்கை மறுபடியும் வாங்கலாம்.

கடித்தாலோ நகத்தால் கீறினாலோ, காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இசிவு நோய்க்கும் (டெட்டனஸ்) வெறிநாய்க்கடி நோய்க்கும் தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். 2015இல் பினாங்கு உட்பட வட மாநிலங்களில் நாய்களிடையே வெறிநாய்க்கடி நோய் பரவியதை மறந்துவிடக் கூடாது. பாதையில் நாய் கடித்தாலும் இதே முறைதான். பையில் ஒரு சிறிய சோப்புத் துண்டு இருந்தால் இதற்கு உதவும். நான் அந்தக் கீறலுக்குப் பிறகு அது இல்லாமல் கிளம்புவதில்லை.

லோத்தோங்கும் மற்ற மரவாசிகளும்

லோத்தோங் வேறு இயல்புடையது. கரும்சாம்பல் உடல், கண்ணாடி அணிந்த வாத்தியார் போல் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், இலைகளை முக்கிய உணவாகக் கொள்ளும் வயிறு. பெரும்பாலும் மேலேயே இருந்து உங்களை வேடிக்கை பார்க்கும். பொன்னிறக் குட்டி ஒன்று தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது பிறந்து சில வாரங்களே ஆனது என்று அறியலாம். சில மாதங்களில் அந்தப் பொன்னிறம் மறைந்து சாம்பல் நிறமாகிவிடும். அதன் வயிறு இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும் அமைப்புடையது என்பதால் நம்முடைய ரொட்டியும் பிஸ்கட்டும் அதற்கு நோயைத்தான் தரும். சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டு இறப்பதைத் தடுக்க, தெலுக் பஹாங்கில் 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டிக் கொடுத்தார்கள்.

அந்தி நேரத்தில் மரத்தண்டில் தழும்புபோல் ஒட்டியிருக்கும் ஒன்று திடீரெனத் தோலை விரித்து அடுத்த மரத்துக்கு மிதந்து போனால், அது குபோங். அதன் மிதவை நூறு மீட்டருக்கும் மேல் நீளக் கூடியது. பகலில் கறுப்புப் பெரிய அணிலும், ஊருக்கருகில் இருவாட்சியும் கண்ணில் படலாம். இவை எதிர்ப்பட்டால் செய்ய வேண்டியது ஒன்றே: நின்று பாருங்கள், அவற்றை அழைக்க வாயால் ஓசை எழுப்பாதீர்கள், படமெடுக்க ஒளிவிளக்கை அடிக்காதீர்கள்.

பாம்பு

பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் பலர் பார்த்திருக்கும் அதே விரியன்தான் இந்தக் காட்டிலும் வாழ்கிறது. வளர்ந்த பெண் பாம்பு கருமையும் பச்சையும் மஞ்சள் வளையங்களுமாகத் தடிமனாக இருக்கும். ஆணும் குட்டியும் மெல்லியதாக, இலைப்பச்சை நிறத்தில், சிவப்பு வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். ஒரே கிளையில் நாட்கணக்கில் அசையாமல் கிடந்து இரைக்காகக் காத்திருப்பது இதன் வழக்கம். மனிதன் நெருங்கினாலும் விலகிப் போகாது என்பதால் ஆபத்து கால் வைக்கும் இடத்தில் மட்டும் இல்லை, கை வைக்கும் இடத்திலும் இருக்கிறது. செங்குத்தான இடத்தில் கைக்கு எட்டிய கிளையைப் பிடித்து ஏறுவது எல்லாருக்கும் இயல்பாக வரும் செயல். அதைத்தான் முதலில் கைவிட வேண்டும். கண்ணால் பார்த்த பிறகே கையை வையுங்கள். விழுந்த மரத்தைத் தாண்டும்போது அதன் மேல் ஏறி நின்று அப்பால் பார்த்த பிறகே காலை இறக்குங்கள். கற்களின் இடுக்கில் கையை விடாதீர்கள்.

பாம்பைக் கண்டால் முன்னால் நிற்பவர் கையை உயர்த்திக் கூட்டத்தை நிறுத்த வேண்டும். கிளையில் கிடப்பதாக இருந்தால் மூன்று மீட்டராவது ஒதுங்கிச் சுற்றிப் போகலாம். பாதை குறுகலாக இருந்தால் திரும்பிவிடுங்கள். தரையில் செல்லும் ராஜநாகம் எதிர்ப்பட்டால் அசைவைக் குறைத்து, வந்த வழியே மெல்லப் பின்வாங்கி அதற்கு வழிவிடுங்கள். குச்சியால் தள்ளிப் பார்க்கும் வீரர் கூட்டத்தில் இருந்தால், அவரை அடுத்த முறை அழைக்காதீர்கள்.

கடித்துவிட்டால், கடிபட்டவரை உடனே உட்காரவையுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், மெட்டி, இறுக்கமான காலுறை எல்லாவற்றையும் வீக்கம் ஏறுவதற்கு முன் கழற்றிவிடுங்கள். கடிபட்ட கையையோ காலையோ ஒரு குச்சியோடு சேர்த்து, அசையாதபடி, ஆனால் இறுக்காமல் கட்டுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 999ஐ அழையுங்கள். பாம்பைப் பிடிக்கவோ கொல்லவோ வேண்டாம். தூரத்திலிருந்து ஒரு படம் கிடைத்தால் மருத்துவருக்கு உதவும், கிடைக்காவிட்டால் அதற்காக யாரும் திரும்பிப் போகக் கூடாது. கயிற்றால் இறுகக் கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது ஆகிய நான்கும் தோட்டப்புறத்திலிருந்து நம்மோடு வந்த பழக்கங்கள். நான்கும் கேடு செய்பவை. முறிமருந்து பக்கத்துத் தனியார் கிளினிக்கில் கிடைக்காது என்பதால் நேராகப் பெரிய அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

குளவி

மலேசியக் காடறிந்தவர்கள் பாம்பைவிட அதிகமாக அஞ்சுவது தெபுவான் என்னும் பெருங்குளவிக்கு. கூடு மரத்திலும் இருக்கலாம், பாதையோர மண்ணிலும் இருக்கலாம். ஒன்றிரண்டு குளவிகள் உங்களைச் சுற்றி மீண்டும் மீண்டும் வட்டமிட்டால் கூடு அருகில் இருக்கிறது என்று பொருள். கையை வீசி விரட்டாமல், பேசாமல், வந்த வழியே திரும்பி நடங்கள். வாசனைத் தைலம் அவற்றைக் கிளறக் கூடும் என்பதால்தான் முன்னரே வேண்டாம் என்றேன். கூட்டமாகத் தாக்கத் தொடங்கிவிட்டால் அப்போது மட்டும் ஓடுங்கள். துண்டாலோ மழைச்சட்டையாலோ தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, அவை விடும்வரை நிற்காமல் விலகுங்கள். பல கொட்டுகள் பட்டாலும், ஒரே கொட்டுக்குப் பிறகு உதடு வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும் அது அவசர நிலை.

காட்டுப்பன்றி பெரும்பாலும் உங்களைக் கேட்டதும் ஓடிவிடும். குட்டிகளோடு இருந்தால் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி வழிவிடுங்கள். தெருநாய் குரைத்தால் நின்று, பார்வையைத் தாழ்த்தி, மெல்லக் கடந்து செல்லுங்கள். அட்டை ஒட்டினால் பதற்றப்படத் தேவையில்லை. நகத்தால் அதன் வாயருகே பக்கவாட்டில் தள்ளி எடுத்து, இடத்தைக் கழுவுங்கள். வழி தவறிவிட்டால் ஓடையைப் பிடித்து இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். இந்த மலையின் ஓடைகள் அருவிகளாகப் பாறைச் சரிவில் விழுகின்றன. நின்ற இடத்திலேயே நின்று, ஊதலை மூன்று முறை ஊதி, இடைவெளி விட்டு மீண்டும் ஊதுங்கள்.

இறங்கிய பின்

அடிவாரத்தில் தலையை மீண்டும் எண்ணி, வீட்டுக்குச் செய்தி அனுப்பிய பிறகே தே தாரிக்குக்கு உட்காருங்கள். வீட்டுக்குப் போனதும் குளித்து, முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஓடை நீரில் இறங்கியிருந்தால் காலில் உள்ள கீறல்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலிக்காய்ச்சல் அந்த வழியாகப் புகக் கூடும். மலேசியாவில் குரங்குகளிடமிருந்து கொசுவின் மூலம் மனிதருக்குப் பரவும் மலேரியா உண்டு. ஆகவே அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், அது சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை விழுங்கிவிட்டு இருந்துவிடாமல், மருத்துவரிடம் போய், எந்த நாளில் எந்தக் காட்டில் நடந்தீர்கள் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.